பரோட்டா எஸ் டியரா, ஏ டியரா? ஃப்ரெண்ட்ஸோட ரேங்க் போடுறதப் பத்தி ஒரு ஆரம்ப விளக்கம்

நாலஞ்சு பேரு உக்காந்துகிட்டு, உலகத்துல யாருமே கேக்காத ஒரு விஷயத்த எடுத்து, வடிவேலு கேரக்டர்ல எது டாப்பு, கல்யாண இலைல எது கடைசி, பெங்களூர் சிக்னல்ல எது ரொம்ப மோசம்னு வரிசை போட்டு, அதுக்காக தொண்ட கட்டுற வரைக்கும் வாதாடுறது, இதத்தான் இப்போ டியர் லிஸ்ட் (டியர்னா தட்டு, எஸ்தான் உச்சி, அடுத்தது ஏ), ட்ராஃப்ட், பிராக்கெட்னு வேற வேற பேர்ல எல்லாரும் ஆடிட்டு இருக்காங்க. பெங்களூர்ல தமிழ் ஆளுங்க இருக்குற வீட்டுல இது ரொம்ப சகஜம். வெள்ளிக்கிழம ராத்திரி மடிவாளால பஸ் ஏறுறவங்க ஊருக்குப் போயிடுவாங்க, டிக்கெட் கிடைக்காதவங்களும் வார கடைசில வேலை இருக்குறவங்களும் மிச்சம் இருப்பாங்க, சாப்ட்டு முடிச்சு தட்டக்கூட எடுத்து வைக்காம யாராச்சும் ஒருத்தர் "சரி, ஊறுகால எதுடா பெஸ்ட்டு?"ன்னு ஆரம்பிச்சா போதும், மணி ரெண்டு ஆயிடும்.

வெளில இருந்து பாத்தா வெட்டி அரட்டையா தெரியலாம். எனக்கு இது ரொம்பப் பிடிச்ச விளையாட்டு, அதுமட்டுமில்லாம இதுக்குள்ள ஒழுங்கான ஒரு கணக்கும் இருக்கு, 250 வருஷத்துக்கு முன்னாடி ஃப்ரான்ஸ்ல விஞ்ஞானிங்க மண்டைய உடைச்சுக்கிட்ட அதே கேள்விதான் நம்ம ஹால்லயும் ஓடிட்டு இருக்கு. புதுசா வர்றவங்க இத மட்டும் முதல்லயே புரிஞ்சுக்கிட்டா நல்லது: எது ஜெயிக்குதுங்கிறத அந்தப் பொருள் மட்டும் தீர்மானிக்கல, எத வச்சு அளக்குறோம், ஓட்ட எப்படி எண்ணுறோம்ங்கிற ரெண்டும் சேந்துதான் தீர்மானிக்குது. இந்த ரெண்டயும் பேசாம ஆரம்பிக்கிற சண்ட முடியவே முடியாது.

அளவுகோல்ல இருந்து வருவோம். பெங்களூர்ல மோசமான சிக்னல் எதுன்னு ஒரு ரவுண்டு ஓடுச்சுன்னா மதுரக்காரன் யோசிக்கவே மாட்டான், சில்க் போர்டும்பான், நிக்கிற நேரம் அவனுக்கு கணக்கு. கோயம்புத்தூர் பொண்ணு டின் ஃபேக்டரின்னு சொல்லுவா, அங்க பஸ்ஸு, லாரி, ஆட்டோ, ரோட்ட கிராஸ் பண்ற ஜனம் எல்லாம் ஒரே இடத்துல சேர்றதால தலவலி அதிகம்னு அவ கட்சி. திருநெல்வேலி அண்ணன் ஹெப்பால்தான்னு நிப்பாரு, ஏன்னா ஏர்போர்ட்டுக்குப் போற வழி அது, அங்க மாட்டுனா நேரம் மட்டும் போறதில்ல, ஃப்ளைட்டும் போயிடும். மூணு பேரும் ஒரே கேள்விக்குத்தான் பதில் சொல்றாங்கன்னு நெனச்சு சண்ட போட்டுட்டு இருப்பாங்க, ஆனா ஒருத்தர் நேரத்த அளக்குறாரு, இன்னொருத்தர் எரிச்சல அளக்குறாரு, மூணாமவர் நஷ்டத்த அளக்குறாரு. "நிக்கும்போது எவ்வளவு எரிச்சல் வருது, அத மட்டும் பாப்போம்"னு ஒரு வரி முன்னாடியே சொல்லிட்டா வாதம் உடனே கூர்மையாயிடும், சிரிப்பும் கூடிடும்.

அளவுகோல் எவ்வளவு குறுகலா இருக்கோ அவ்வளவு நல்லதுங்கிறது என் அபிப்பிராயம். வடிவேலு கேரக்டர்ல பெஸ்ட்டு எதுன்னு பொதுவா கேட்டா எல்லாரும் அவங்கவங்களுக்குப் பிடிச்சத சொல்லிட்டு ஃபோன எடுத்துருவாங்க. அதயே "பிஜி ஹாஸ்டல்ல ரூம்மேட்டா வந்தா யார சமாளிக்கலாம்?"னு கேட்டுப் பாருங்க. கைப்புள்ள காலைல வீராப்பா கெளம்பிப் போவாரு, சாயங்காலம் நாமதான் மருந்து போடணும், ஆனா மனசுல ஒண்ணும் வச்சுக்க மாட்டாரு, அதனால ஏ கொடுக்கலாம்னு ஒருத்தர் வாதாடுவாரு. காண்ட்ராக்டர் நேசமணி இருந்தா பெயின்ட்டிங் வேலைக்கு ஆள் தேட வேணாம், ஆனா செவுத்துல என்னென்ன ஓட்ட விழும்னு சொல்ல முடியாது. புலிகேசிக்கு தனி பாத்ரூம் வேணும். என்கவுண்டர் ஏகாம்பரம் இருக்குற வீட்டுல திருட்டு பயம் போகுமா, இல்ல புதுசா வருமா, இதுக்கே அரை மணி நேரம் ஓடும். கேள்வி மாறுனதுமே நாய் சேகர் கீழ போய் யாரும் நெனைக்காத ஒருத்தர் மேல வந்துருவாரு, அந்த ஆச்சரியத்துக்காகத்தான் இந்த விளையாட்டே.

இதுலயே கவனிக்க வேண்டிய இன்னொன்னு, சமீபத்துல கண்ணுல பட்டது எப்பவுமே மேல ஏறும். நேசமணி 2001ல வந்த கேரக்டர், 2019 மே மாசம் ஒரு சுத்தியல் படத்துக்குக் கீழ யாரோ போட்ட கமெண்ட்ல ஆரம்பிச்சு உலக லெவல்ல ட்ரெண்ட் ஆனாரு, அந்த வாரம் லிஸ்ட் போட்டிருந்தா கண்ண மூடிட்டு அவர்தான் நம்பர் ஒன்னா வந்திருப்பாரு. அது தப்புன்னு நான் சொல்லல. ஒரு லிஸ்ட் அது போடப்பட்ட தேதியோட சேந்ததுதான்னு தெரிஞ்சா போதும், அதனால போட்டோ எடுத்து தேதியோட வச்சுக்கோங்க, அடுத்த வருஷம் அதே லிஸ்ட்ட திரும்பப் போட்டுப் பாக்குறது தனி சுகம். சைட் அண்ட் சவுண்ட்னு லண்டன்ல இருந்து வர்ற சினிமா பத்திரிகை 1952ல இருந்து பத்து வருஷத்துக்கு ஒரு தடவ விமர்சகர்கள்கிட்ட சிறந்த பத்து படம் கேட்டு லிஸ்ட் போடுறாங்க, பல தடவ ஒரே படம் முதலிடத்துல இருந்துட்டு 2012லயும் 2022லயும் மாறிடுச்சு. பழைய படம் எதுவும் மாறல, பாக்குறவங்களும் ஓட்டு போடுறவங்களும் மாறிட்டாங்க.

சரி, டியர் லிஸ்ட். ஒரு சார்ட்டுல மேல இருந்து கீழ வரிசையா எஸ், ஏ, பி, சி, டி, எஃப்னு கட்டம் போட்டு ஒவ்வொரு பொருளையும் ஒரு கட்டத்துல ஒட்டுறது, அவ்வளவுதான். ஏவுக்கு மேல எஸ்ஸுன்னு ஒரு தட்டு இருக்குற பழக்கம் ஜப்பான்ல இருந்து வந்தது, அங்கேருந்து வீடியோ கேமுக்குள்ள போச்சு, சண்ட கேம் ஆடுறவங்க எந்தக் கேரக்டர் பலமானதுன்னு பிரிக்க இத உபயோகிச்சு, அப்புறம் சட்னி, ரசம், சீரியல் வில்லி வரைக்கும் வந்துடுச்சு. டியர்மேக்கர் சைட்ல ரெடிமேடா இருக்கு, ஆனா ஒரு பேப்பரும் ஸ்டிக்கி நோட்டும் இருந்தாலே போதும், நேர்ல கையால ஒட்டுனா அடுத்தவங்க வந்து பிச்சு வேற எடத்துல ஒட்டுற சண்டையும் சேந்து கிடைக்கும்.

இந்த முறையோட பலம் என்னன்னா ஒரே கட்டத்துக்குள்ள இருக்குறதுல எது பெரிசுன்னு சொல்ல வேண்டியதில்ல. 1 முதல் 20 வரைக்கும் ஒழுங்கா வரிசை போடச் சொன்னா மனுஷ மூளைக்கு கஷ்டம், ஜார்ஜ் மில்லர்னு ஒரு உளவியல் ஆய்வாளர் 1956லயே எழுதியிருக்காரு, ஒரே சமயத்துல சுமார் ஏழு விஷயத்துக்கு மேல நாம மனசுல புடிச்சு வச்சுக்கத் திணறுறோம்னு. முதல் மூணும் கடைசி மூணும் எல்லாருக்கும் தெளிவா தெரியும், நடுவுல 9ஆவது எது 10ஆவது எதுன்னு கேட்டா சும்மா வாய்க்கு வந்தது வரும். டியர் லிஸ்ட் அந்த பொய்ய சொல்ல வைக்காது. ஆனா இதுக்கு ஒரு வியாதி இருக்கு, பாசம் ஜாஸ்தியாகி எல்லாத்தயும் எஸ்லயே ஒட்டிடுவாங்க, அப்புறம் அந்த லிஸ்ட்டுக்கு அர்த்தமே இருக்காது. எங்க கேங்க்ல எஸ்ல ரெண்டுதான் இருக்கலாம், மூணாவது உள்ள வரணும்னா ஒன்னு இறங்கணும்னு வச்சிருக்கோம், எத இறக்குறதுங்கிற அந்த எடத்துலதான் உண்மையான வாதம் வருது.

உதாரணத்துக்கு பெங்களூர் தர்ஷினி டிபன் லிஸ்ட் ஒன்னு எடுத்துக்கலாம், நின்னுகிட்டே சாப்பிடுற அந்தக் கடைங்க. தட்டே இட்லி, காரா பாத், கேசரி பாத், மசால் தோசை, பென்னே தோசை, ரவா இட்லி, மத்தூர் வடை, உப்பிட்டு. முதல் தகராறு சவ் சவ் பாத்ல வரும், ஒரே தட்டுல காரா பாத்தும் கேசரி பாத்தும் பக்கத்துல பக்கத்துல வச்சு தர்றது அது, ஏற்கனவே ரெண்டும் தனித்தனியா லிஸ்ட்ல இருக்கும்போது இது மூணாவது ஐட்டமா இல்லையா? இதுக்கு சரியான பதில்னு ஒன்னு இல்ல, ஆரம்பிக்கும்போதே முடிவு பண்ணிக்கணும். அடுத்து ரவா இட்லி. ரெண்டாம் உலகப்போர் சமயத்துல அரிசித் தட்டுப்பாடு வந்தப்போ பெங்களூர் எம்.டி.ஆர். ஹோட்டல்லதான் இத உருவாக்குனதா அவங்க சொல்றாங்க, உடனே ஒருத்தர் "இப்பேர்ப்பட்ட கதை இருக்குற ஐட்டத்துக்கு பி கொடுத்தா மனசாட்சி உறுத்தாதா?"ன்னு எந்திரிச்சு நிப்பாரு. ருசிக்கு மட்டும் மார்க்கா, வரலாறுக்கும் மார்க் உண்டான்னு மறுபடி அளவுகோல்லயே வந்து நிக்கும். சாம்பார்ல வெல்லம் இருக்குறது சரியா தப்பான்னு பேச ஆரம்பிச்சா நம்ம ஆளுங்க எல்லாரும் ஒரு பக்கம் சேந்துருவாங்க, அதனால இந்த மாதிரி லிஸ்ட் போடும்போது ஒரு கன்னட ஃப்ரெண்டு கண்டிப்பா இருக்கணும்ங்கிறதுல நான் உறுதியா இருக்கேன், சின்ன வயசுல இருந்து அந்த சாம்பார சாப்ட்டு வளந்தவங்க பக்கத்துல இல்லாம அதுக்கு டி கொடுக்குறது ஒருதலை விசாரணை.

இப்போ ஓட்டு எண்ணுற விஷயம், இதுதான் எனக்கு இந்த விளையாட்டுலயே ரொம்ப ரொம்பப் பிடிச்ச பகுதி, கொஞ்சம் பொறுமையா படிங்க. ஒரு கணக்குக்கு 9 பேர்னு வச்சுக்கலாம். ராத்திரி 11 மணிக்கு எது சாப்ட்டா பெஸ்ட்டு, பரோட்டாவா பிரியாணியா தோசையா, இதான் கேள்வி. 4 பேருக்கு முதல்ல பரோட்டா, அடுத்து தோசை, கடைசில பிரியாணி. 3 பேருக்கு முதல்ல பிரியாணி, அடுத்து தோசை, கடைசில பரோட்டா. மிச்சம் 2 பேருக்கு முதல்ல தோசை, அடுத்து பிரியாணி, கடைசில பரோட்டா. யாரும் மனச மாத்தல, பொய் சொல்லல, இதே 9 பேர், இதே விருப்பம்.

சும்மா கை தூக்கச் சொன்னா பரோட்டா 4, பிரியாணி 3, தோசை 2. பரோட்டா ஜெயிச்சுடுச்சு. நம்ம எம்எல்ஏ, எம்பி தேர்தல் எல்லாம் இந்தக் கணக்குதான். ஆனா கவனிச்சீங்கன்னா 9 பேர்ல 5 பேரு பரோட்டாவ கடைசில வச்சிருக்காங்க, பாதிக்கு மேல இருக்குறவங்களுக்கு ஆகவே ஆகாத ஒன்னு முதலிடம் வாங்கியிருக்கு.

இப்போ வேற மாதிரி எண்ணலாம், கம்மி ஓட்டு வாங்குனத வெளிய அனுப்பிட்டு அவங்களோட அடுத்த விருப்பத்துக்கு அந்த ஓட்ட மாத்துறது. தோசை வெளிய போகுது, அந்த 2 ஓட்டும் பிரியாணிக்கு வருது, பிரியாணி 5, பரோட்டா 4. பிரியாணி ஜெயிச்சுடுச்சு. ஆஸ்கார்ல சிறந்த படத்த இப்போ இப்படித்தான் தேர்ந்தெடுக்குறாங்க. நம்ம நாட்டு குடியரசுத் தலைவர் தேர்தலும் இந்த வகைதான், அதுல 1969ல நடந்தது படிக்கப் படிக்க விறுவிறுப்பா இருக்கும். வி.வி.கிரி, நீலம் சஞ்சீவ ரெட்டி, சி.டி.தேஷ்முக் மூணு பேரும் முக்கியமான போட்டி, முதல் எண்ணிக்கைல கிரிக்கு 4,01,515 மதிப்பு ஓட்டு (அதுல ஓட்டு போடுற எம்பி, எம்எல்ஏ ஒவ்வொருத்தர் ஓட்டுக்கும் ஒரு மதிப்பு உண்டு, அதக் கூட்டித்தான் கணக்கு), ரெட்டிக்கு 3,13,548, தேஷ்முக்குக்கு 1,12,769. கிரி நல்லா முன்னாடி இருந்தாலும் பாதியத் தாண்டல, அதனால மத்தவங்களோட ரெண்டாவது விருப்பத்த எண்ணுனாங்க, அதுல பெரும்பகுதி ரெட்டிக்குப் போய் இடைவெளி மளமளன்னு குறைஞ்சுது, கடைசில கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. கிரி தப்பிச்சு ஜெயிச்சாரு. ரெண்டாவது விருப்பம்னு ஒன்ன சும்மா பேருக்கு எழுதக்கூடாதுங்கிறதுக்கு இத விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல.

மூணாவது வழி, மார்க் போடுறது. முதல் இடத்துக்கு 2, ரெண்டாவதுக்கு 1, கடைசிக்கு 0. பரோட்டாவுக்கு 4 பேர் கிட்ட 2 வீதம் 8. பிரியாணிக்கு 3 பேர் கிட்ட 6, தோசைக்காரங்க 2 பேர் கிட்ட 2, மொத்தம் 8. தோசைக்கு 4, 3, அப்புறம் தோசைக்காரங்க 2 பேர் கிட்ட 4, மொத்தம் 11. தோசை ஜெயிச்சுடுச்சு! ஒரே 9 பேர், ஒரே விருப்பம், மூணு முறை, மூணு வின்னர். இந்த மார்க் முறைக்கு போர்டா முறைன்னு பேரு, ழான் சார்ல்ஸ் தெ போர்டாங்கிற ஃப்ரெஞ்சுக்காரர் 1770ல அவங்க அறிவியல் அகாதமில இத எடுத்துச் சொன்னாரு. யூரோவிஷன் பாட்டுப் போட்டில 1975ல இருந்து 12, 10, 8ன்னு ஆரம்பிச்சு குறைஞ்சுகிட்டே வர்ற மாதிரி மார்க் குடுக்குறதும் இந்தக் குடும்பத்தைச் சேந்ததுதான்.

எது சரியான முறைன்னு கேப்பீங்க. என் கருத்து என்னன்னா எல்லாரும் சேந்து ஒன்னத்த ஆர்டர் பண்ணிச் சாப்பிடப் போறோம்னா போர்டா, ஏன்னா அது யாரும் வெறுக்காத ஐட்டத்த மேல கொண்டு வரும், தோசைய யாருமே கடைசில வைக்கல பாருங்க. சும்மா பெருமைக்கு சாம்பியன் தேடுறோம்னா ஒவ்வொன்னா வெளியேத்துற முறை நல்லா இருக்கும், ஒவ்வொரு ரவுண்டுலயும் ஒருத்தரோட செல்லப் பிள்ள வெளிய போகும்போது வர்ற அலறல் இருக்கே, அதுக்கு ஈடு கிடையாது. எந்த முறையா இருந்தாலும் ஓட்டுக்கு முன்னாடியே சொல்லிடணும், ரிசல்ட் தெரிஞ்சதுக்கப்புறம் முறைய மாத்துனா அது கள்ள ஓட்டு மாதிரிதான்.

போர்டால ஒரு ஓட்டை இருக்கு, தெரிஞ்சு வச்சுக்கோங்க. பரோட்டா கட்சி 4 பேரும் "தோசைதான் நமக்கு ஆபத்து, அத வேணும்னே கடைசில தள்ளுவோம்"னு கூடிப் பேசி பரோட்டா, பிரியாணி, தோசைன்னு மாத்தி எழுதுறாங்கன்னு வைங்க. தோசை 7க்கு இறங்கிடும், பரோட்டா அதே 8, ஆனா பிரியாணிக்கு 4 மார்க் கூடி 12 ஆயிடும். அவங்களுக்கு ஆகவே ஆகாத பிரியாணி ஜெயிச்சு அதத்தான் சாப்பிடணும், தனக்குத் தானே குழி தோண்டிக்கிட்ட கதை. இத முதல் தடவ பேப்பர்ல போட்டுப் பாத்தப்போ எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு. கை தூக்குற முறைல வேற தந்திரம் நடக்கும், பிரியாணிய ஆம்பூர், திண்டுக்கல்னு ரெண்டு ஐட்டமா லிஸ்ட்ல ஏத்திட்டா அந்த 3 ஓட்டும் ரெண்டா உடைஞ்சு பிரியாணி காலி. லிஸ்ட்ட தயார் பண்றவரு கைல எவ்வளவு அதிகாரம் இருக்குன்னு பாருங்க, அதனால லிஸ்ட் போடுற வேலைய ஒவ்வொரு தடவயும் வேற ஆள்கிட்ட குடுங்க.

இன்னொரு வினோதம் இருக்கு. மூணே பேரு, மூணு கேரக்டர். ஒருத்தருக்கு கைப்புள்ள, நாய் சேகர், நேசமணிங்கிற வரிசை. அடுத்தவருக்கு நாய் சேகர், நேசமணி, கைப்புள்ள. மூணாமவருக்கு நேசமணி, கைப்புள்ள, நாய் சேகர். இப்போ ரெண்டு ரெண்டா மோத விடுங்க. கைப்புள்ள நாய் சேகர 2க்கு 1ன்னு ஜெயிப்பாரு. நாய் சேகர் நேசமணிய 2க்கு 1ன்னு ஜெயிப்பாரு. அப்போ கைப்புள்ள நேசமணிய ஊதித் தள்ளணும்ல? இல்ல, நேசமணி கைப்புள்ளய 2க்கு 1ன்னு ஜெயிக்கிறாரு. சுத்திச் சுத்தி வரும், முடிவே கிடையாது. மூணு பேரும் தனித்தனியா தெளிவாத்தான் இருக்காங்க, ஒன்னு சேந்ததும் அந்தக் கூட்டத்துக்கு மட்டும் தெளிவு போயிடுது. கொந்தோர்செங்கிற இன்னொரு ஃப்ரெஞ்சுக்காரர் 1785ல இத எழுதி வச்சாரு. அப்புறம் 1951ல கென்னத் ஆரோன்னு அமெரிக்க பொருளாதார நிபுணர் இத இன்னும் ஒரு படி மேல கொண்டு போனாரு. எல்லாருமே ஒன்ன விட இன்னொன்னு பெட்டர்னு சொன்னா லிஸ்ட்லயும் அப்படியே வரணும், ரெண்டு ஐட்டத்துக்கு நடுவுல இருக்குற வரிசை மூணாவது ஐட்டத்தால மாறக்கூடாது, ஒரே ஆளு சொல்றதே எப்பவும் முடிவா இருக்கக்கூடாது, இந்த மாதிரி நியாயமான சில கண்டிஷன் எல்லாத்தயும் ஒன்னா காப்பாத்துற ஒரு வரிசை முறை, மூணு ஐட்டமோ அதுக்கு மேலயோ இருந்தா, கிடையவே கிடையாதுன்னு கணக்கு போட்டு நிரூபிச்சாரு. 1972ல அவருக்கு பொருளாதார நோபல் கிடைச்சது. அதனால லிஸ்ட் முடிஞ்சதும் யாராச்சும் "இது நியாயமே இல்ல"ன்னு கத்துனா அவங்க சொல்றதுல விஷயம் இருக்கு, கோவப்படாதீங்க.

நாக் அவுட் பிராக்கெட்னு ஒரு வடிவம் இருக்கு, 16 ஐட்டம், ரெண்டு ரெண்டா மோதி 15 மேட்ச்ல ஒரு சாம்பியன். வேகமா முடியும், கூட்டம் பெருசா இருந்தா நல்லது, ஆனா சாம்பியன் யாருங்கிறதத் தவிர வேற எதையும் நம்பாதீங்க, ரெண்டாவது பெஸ்ட்டு முதல் ரவுண்டுலயே முதல் பெஸ்ட்டுகிட்ட மாட்டி வீட்டுக்குப் போயிருக்கலாம். விம்பிள்டன்ல 128 பேர்ல பலமான 32 பேருக்கு சீடிங் குடுத்து, ஆரம்பத்துலயே அவங்களுக்குள்ள மோதாம பிரிச்சு வைக்கிறது இதுக்காகத்தான். எல்லாமே எல்லாத்தோடயும் மோதணும்னா 10 ஐட்டத்துக்கே 45 மேட்ச் ஆகும், அந்தப் பொறுமை இருக்குறவங்க செஸ்ல இருக்குற ஈலோ ரேட்டிங்க எடுத்துக்கலாம், அர்பாட் ஈலோ உருவாக்கி 1970ல உலக செஸ் அமைப்பு ஏத்துக்கிட்டது. எல்லாருக்கும் 1000ன்னு ஆரம்பிச்சு, பெரிய ஆள ஜெயிச்சா நெறய பாயிண்ட், சின்ன ஆள ஜெயிச்சா கொஞ்சம் பாயிண்ட். 400 பாயிண்ட் வித்தியாசம் இருந்தா மேல இருக்குறவர் ஜெயிக்கிற வாய்ப்பு கீழ இருக்குறவரோடத விட 10 மடங்குன்னு அர்த்தம். குகேஷ் 2024 டிசம்பர்ல 18 வயசுல உலக சாம்பியன் ஆனதுல இருந்து வீட்டுல பெரியவங்க கூட ரேட்டிங்னா என்னன்னு கேக்குறாங்க, அவங்களுக்கு பொரியல வச்சு விளக்குனா டக்குன்னு புரிஞ்சுடும்.

ட்ராஃப்ட் இதுல இருந்து கொஞ்சம் தள்ளி நிக்கிற ஆட்டம். ஆளாளுக்கு முறை வச்சு ஒவ்வொன்னா எடுக்கணும், ஒருத்தர் எடுத்தத இன்னொருத்தர் எடுக்க முடியாது. 4 பேர்னா முதல் ரவுண்டு 1, 2, 3, 4, அடுத்த ரவுண்டு 4, 3, 2, 1ன்னு பாம்பு மாதிரி வளைஞ்சு வரும், இல்லன்னா முதல்ல எடுக்குறவருக்கே எல்லா லாபமும் போயிடும். கல்யாண இலைய வச்சு ஒரு தடவ ஆடிப் பாருங்க. மெதுவடை, பால் பாயாசம், அவியல், உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம், வத்தக்குழம்பு, மோர் மிளகா, எல்லாம் ஏலத்துல இருக்கும், எல்லாரும் பாயாசத்துக்கு அடிச்சுக்கும்போது திருநெல்வேலி அண்ணன் அமைதியா "நான் சோறு எடுத்துக்குறேன்ப்பா"ன்னாரு. அடுத்த ஒரு மணி நேரம் மத்த மூணு இலைலயும் சோறே கிடையாது, வத்தக்குழம்ப எதுல ஊத்துறதுன்னு பஞ்சாயத்து, "அண்ணே, சோறு பொதுச்சொத்துண்ணே"ன்னு மதுரக்காரன் கெஞ்சுறான், அவரு மசியவே இல்ல. ட்ராஃப்ட்ல ஐட்டத்தோட ருசிய விட அது இல்லன்னா மத்தவங்க என்ன ஆவாங்கங்கிறதுக்குத்தான் விலை.

கூடவே ரெண்டு மூணு பழக்கம் வச்சுக்கிட்டா ஆட்டம் கெடாது. பாதிப் பேராவது பாத்த, சாப்ட்ட ஐட்டத்துக்கு மட்டும்தான் ரேங்க், இல்லன்னா "தெரியல"ன்னு தனியா ஒரு வரிசைல வச்சுருங்க, ஏன்னா ரெண்டே பேரு ஓட்டு போட்டா அது உச்சிலயோ பாதாளத்துலயோதான் போய் நிக்கும். படங்களுக்கு ஜனங்க மார்க் போடுற ஐஎம்டிபி சைட்டோட டாப் 250ல கூட கம்மி ஓட்டு வாங்குன படத்தோட மார்க்க எல்லாப் படத்தோட சராசரிப் பக்கம் இழுத்து வைக்கிற ஒரு கணக்கு போடுறாங்க. அப்புறம், ஐட்டத்த இறக்கலாம், ஆள இறக்கக்கூடாது. "உனக்கு எஃப்லயே ரசனை"ன்னு ஒரு தடவ சொல்லலாம், ரெண்டாவது தடவ சொன்னா அந்தாளு அடுத்த வாரம் வாய தொறக்க மாட்டாரு. நம்ம கூட இருக்குறவங்கள, அவங்க அம்மா சமையல, ஊர, பேச்சு வழக்க வச்சு லிஸ்ட் போடவே போடாதீங்க, இதுல நான் கறாரா இருப்பேன். ஊர விட்டு வந்து தனியா இருக்குற எடத்துல அது எல்லாருக்கும் பட்டுனு வலிக்கும், சிரிச்சுக்கிட்டே இருந்தாலும் வலிக்கும். சீரியல் வில்லி, பஸ் சீட்டு, பிஸ்கெட்டு, மழை நாள் சாக்கு, ஆபீஸுக்கு லேட்டா போறதுக்கு சொல்ற காரணம், இவ்வளவு கெடக்குதே.

முதல் தடவைக்கு சட்னி போதும். எட்டு ஐட்டம் எழுதுங்க, தேங்கா, தக்காளி, வெங்காயம், புதினா, மல்லி, வேர்க்கடலை, பூண்டு, பீர்க்கங்கா. இட்லிக்கா தோசைக்கான்னு ஒன்ன முடிவு பண்ணுங்க, ரெண்டுக்கும் சேத்துப் போட்டீங்கன்னா விடிஞ்சுடும். ஒவ்வொருத்தரும் அடுத்தவங்க பேப்பரப் பாக்காம தனியா வரிசை எழுதணும், முதல்ல சத்தமா பேசுறவங்க பின்னாடி மத்தவங்க போயிடக்கூடாது இல்லையா, அப்புறம் 7ல ஆரம்பிச்சு 0 வரைக்கும் மார்க் போட்டு கூட்டுங்க. சமமா வந்தா அந்த ரெண்ட மட்டும் நேருக்கு நேர் கை தூக்க வைங்க. ஆளுக்கு ஒரு ஐட்டத்துக்காக ஒரு நிமிஷம் வக்காலத்து வாங்கிப் பேசலாம், யாரும் குறுக்க பேசக்கூடாது. தேங்கா சட்னில பொட்டுக்கடல போட்டதும் போடாததும் ஒரே ஐட்டமா, ரெண்டு ஐட்டமாங்கிறத மட்டும் பேப்பர் குடுக்குறதுக்கு முன்னாடியே பேசி முடிச்சுருங்க.